தசைக்குத் தசை: கொழுப்பு இடமாற்று அறுவையின் மீட்சிக் காலமும் உடல் பற்றிய அறவினாவும்

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபு உடலை ஒரே நோக்கில் அணுகவில்லை. நிலையாமையை வலியுறுத்திய நூல்கள் உடலை இகழ்ந்துரைத்தன. திருமூலரோ, முன்னர் உடலை இழிவெனக் கருதியிருந்ததையும் பின்னர் அதனுள் உறுபொருளைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் எடுத்துரைத்தார். இகழ்தல், பேணுதல் என்னும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. உடலை மாற்றுதல் என்பதே அது.

உடலை மாற்றுதல் பற்றிய தமிழ் மரபின் இரு பெருங்கதைகள் வடவேங்கடத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியோடு தொடர்புடையவை. கண்ணப்ப நாயனாரின் திருக்காளத்தி, சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. காரைக்கால் அம்மையார் பேயுருவில் வந்தடைந்த திருவாலங்காடு, 1960ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தது. ஒருவர் தம் கண்ணைப் பெயர்த்து மற்றோரிடத்தில் அப்பினார். மற்றவர் தம் அழகின் தசையையே உதறினார்.

இன்று உடலின் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து, அதே உடலின் மற்றோரிடத்தில் அழகு கருதி ஏற்றும் அறுவை பெருநகரங்களில் பரவலாகி வருகிறது. இதனைச் செய்துகொள்வோர், குறிப்பாகப் பெண்கள், பழிப்புக்கு உள்ளாவதும் கண்கூடு. உடலை மாற்றிக்கொள்ளுதல் அறத்தின்பாற்படுமா என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வினாவிற்கான விடையை அறுவை மேசையில் தேடுவதைவிட, அதன்பின் வரும் மீட்சிக் காலத்தில் தேடுவதே பொருத்தமுடையது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கொழுப்பு இடமாற்றமும் மீட்சியும்

கொழுப்பு இடமாற்றம் புதியதொரு கண்டுபிடிப்பன்று. செருமானிய அறுவை மருத்துவர் குஸ்தாவ் நொய்பர் 1893ஆம் ஆண்டில், ஒருவரின் கையிலிருந்து சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து அவர் முகத்தில் வடுவால் ஏற்பட்டிருந்த பள்ளத்தை நிரப்பினார். எனவே, இம்முறை அழகை மிகுவிக்கும் விழைவால் தோன்றாமல் சிதைந்த முகத்தைச் சீர்செய்யும் தேவையால் தோன்றியது என்பது நோக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நுண்குழாய்வழிக் கொழுப்பை உறிஞ்சும் முறை வளர்ந்தபின், அழகுசார் மருத்துவத்தில் இதற்குப் பெரும் இடம் கிடைத்தது.

அதன் செயல்முறை எளிதாகத் தோன்றும். வயிறு, இடுப்பு, தொடை முதலிய இடங்களிலிருந்து கொழுப்பு உறிஞ்சப்படுகிறது. குருதியும் எண்ணெயும் நீக்கித் தூய்மை செய்யப்படுகிறது. பின்னர் முகம், மார்பு, பிட்டம் முதலிய இடங்களில் மெல்லிய இழைகளாகச் செலுத்தப்படுகிறது. பிறர் உடலின் பொருள் அன்மையால் உடல் அதனைப் பகையெனக் கருதி ஒதுக்குவதில்லை. ஆயினும், அது புதிய இடத்தில் உயிர் வாழும் என்பதற்கு உறுதி இல்லை.

பெயர்த்து வைக்கப்பட்ட கொழுப்பணுவிற்குச் சொந்தமான குருதிக்குழாய் கிடையாது. முதற்சில நாள்கள் அது சுற்றியுள்ள நீர்மத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டே உயிர் தாங்குகிறது. அதற்குள் அண்டையிலுள்ள திசுவிலிருந்து புதிய நுண்குழாய்கள் வந்து சேர வேண்டும். சேர்ந்தால் வாழும், சேராவிடின் மடியும். மடிந்தவற்றை உடல் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. சில வேளைகளில் அவை எண்ணெய்க் கட்டியாகவோ கடினமான முடிச்சாகவோ எஞ்சுகின்றன. ஏற்றப்பட்டதில் எவ்வளவு நிலைக்கும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. அதனை முன்கூட்டியே அறுதியிட்டுரைக்க எம்மருத்துவராலும் இயலாது.

மீட்சிக் காலத்தின் மாற்றங்களும் இவ்வுறுதியின்மையையே காட்டுகின்றன. முதல் வாரத்தில் கொழுப்பு எடுத்த இடமும் ஏற்றிய இடமும் வீங்கிக் கன்றிப்போகின்றன, தோல் மரத்துப்போகிறது. எடுத்த இடத்தின்மீது சில வாரங்கள் இறுக்கமான உடை அணிய வேண்டியிருக்கிறது. ஏற்றிய இடத்தை அழுத்துதல் கூடாது. பிட்டத்தில் ஏற்றிக்கொண்டவர் சில வாரங்களுக்கு இயல்பாக அமரவும் இயலாது. வீக்கத்தால் உறுப்பு விரும்பிய அளவினும் பெரிதாகத் தோன்றுகிறது. வீக்கம் வடியும்போது, பெற்றதை இழந்துவிட்டதாகிய உணர்வு தோன்றுகிறது. உண்மை வடிவம் தெளிவுற மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். அதுவரை கண்ணாடியில் தோன்றும் உடல் பழைய உடலுமன்று, புதிய உடலுமன்று.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பு கன்னத்தில் வாழத் தொடங்கிய பின்னரும் தன் பிறப்பிடத்தின் இயல்பை முற்றிலும் இழப்பதில்லை. உடல் எடை கூடும்போது அதுவும் பருக்கிறது. குறையும்போது அதுவும் மெலிகிறது. இவற்றை நோக்குமிடத்து, மனிதன் ஏவ, ஏவியவாறு கிடக்கும் சடப்பொருளன்று உடல் என்பது புலப்படுகிறது. மருத்துவர் இடம் மாற்றுகிறார். ஏற்பதா மறுப்பதா என்பதை உடலே முடிவு செய்கிறது.

திருக்காளத்தி: கொடுத்த தசை

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் பிறந்த திண்ணனார் காளத்திநாதரின் கண்ணில் குருதி வழியக் கண்டு பதறுகிறார். அவருடைய செயல்களைச் சேக்கிழார் அமைத்துள்ள முறை கூர்ந்து நோக்கத்தக்கது. திண்ணனார் எடுத்த எடுப்பில் தம் கண்ணைப் பெயர்க்கவில்லை. முதலில் தீங்கு செய்தவரைத் தேடுகிறார். அடுத்து வேடர் அறிந்த பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிகிறார். அவற்றால் குருதி நிற்கவில்லை. அதன் பின்னரே, தசைக்குற்ற நோய்க்குத் தசையே மருந்து என்னும் பழமொழி அவர் நினைவிற்கு வருகிறது.

உடற்பொருளைக் கொண்டே உடலின் குறையை நிரப்பலாம் என்னும் எண்ணம் இம்மண்ணின் மக்கள் வழக்கில் இருந்ததாகச் சேக்கிழார் காட்டுவது வியப்பிற்குரியது. மூக்கறுபட்டவருக்குக் கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. இன்றைய கொழுப்பு இடமாற்றமும் இக்கருத்தின் வழிவந்ததே. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. திண்ணனாரின் தசை தம்மிடமிருந்து பிறரிடம் செல்கிறது. அழகுசார் அறுவையில் தசை தன்னிடமிருந்து தன்னிடமே செல்கிறது. முன்னது ஈகை. பின்னதை ஈகை என்றல் பொருந்தாது. அதனாலேயே அது குற்றமாகிவிடும் என்றலும் பொருந்தாது.

இக்கதையில் பெரிதும் கருதப்படாத பகுதி அதன் இறுதியாகும். ஒரு கண்ணில் குருதி நின்றதும் மறு கண்ணில் வழியத் தொடங்குகிறது. திண்ணனார் அஞ்சவில்லை, மருந்து கையில் உள்ளது என்று மகிழ்ந்து, இடம் தெரிவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு மறு கண்ணையும் பெயர்க்க முற்படுகிறார். அப்போது இறைவனின் கை அவரைத் தடுக்கிறது. தசையைக் கொடுக்கும் செயலை ஏற்ற கதையே, அதற்கு ஓர் எல்லையையும் வகுக்கிறது. முதற் பயனைக் கண்டவர் மீண்டும் அதனையே நாடுதல் மனித இயல்பு. ஏற்றிய கொழுப்பு கரைந்ததும் மறுமுறையும் அதன்பின் மற்றொரு முறையும் அறுவையை நாடுவோருக்கு முன்னும் அவ்வாறு தடுக்கும் கை ஒன்று தேவை. அக்கையாக இருத்தல் மருத்துவரின் முதற்கடமை.

அக்கடமை தவறுங்கால் நேர்வது அழகின் இழப்பு மட்டுமன்று. பிட்டத்தில் செலுத்தப்படும் கொழுப்பு, தசைக்குள் ஆழ்ந்து பெரிய சிரைகளுள் புகுந்தால் இதயத்தையும் நுரையீரலையும் சென்று அடைத்து உயிரைப் பறிக்கும். இத்தகைய இறப்புகள் மிகுந்தமையால் 2018ஆம் ஆண்டில் பன்னாட்டு அறுவை மருத்துவ அமைப்புகள் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் சங்கம் 1987ஆம் ஆண்டில் மார்பகத்தில் கொழுப்பு ஏற்றுதலைக் கண்டித்து, 2009ஆம் ஆண்டில் அந்நிலைப்பாட்டைத் தளர்த்தியது. துறை வல்லுநரே தம் எல்லையைத் திருத்திக்கொண்டு வந்துள்ளனர் என்பதை இது காட்டுகிறது.

திருவாலங்காடு: உதறிய தசை

காரைக்கால் அம்மையாரின் கதை கண்ணப்பர் கதைக்கு மறுதலையானது. மாங்கனி நிகழ்வுக்குப் பின், பரமதத்தன் தன் மனைவி புனிதவதியாரைத் தெய்வமெனக் கருதி அஞ்சிப் பிரிந்து செல்கிறான். பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியாரின் பெயரையே இடுகிறான். உறவினர் அம்மையாரை அழைத்துச் சென்று அவன்முன் நிறுத்த, அவன் தன் மனைவி மகளோடு அவர் அடியில் விழுந்து வணங்குகிறான். அந்நிலையில்தான் அம்மையார், இவனுக்காகத் தாங்கியிருந்த தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவம் அருளுமாறு இறைவனை வேண்டுகிறார்.

இவ்வேண்டுதலை உடலிகழ்ச்சியாக மட்டும் பொருள் கொள்வதே பெருவழக்கு. ஆனால், அதன் அழுத்தம் வேறிடத்தில் உள்ளது. அழகு தீயது என்று அம்மையார் கூறவில்லை. இவ்வழகு இவன்பொருட்டுத் தாங்கப்பட்டது. இவன் அதனை வேண்டாதபோது இதனைச் சுமப்பது எதற்கு என்பதே அவர் எழுப்பும் வினா. யாருக்காகச் சுமக்கப்படுகிறது இத்தசை என்னும் இவ்வினா, தசையை நீக்குவோருக்கு மட்டுமன்றிச் சேர்ப்போருக்கும் உரியதாகும். கணவனின் பார்வைக்காக, மணச்சந்தையின் அளவுகோலுக்காக, திரைப்படம் வகுத்த வடிவிற்காகக் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும் ஒருவர், அப்பார்வை மாறும் நாளில் அம்மையார் நின்ற இடத்தில் நிற்க நேரும். அவருக்கோ உதறுவதற்கு வழியில்லை.

விலாவெலும்பு தெரிய, வற்றிய மார்போடு தாளமிட்டு அமர்ந்திருக்கும் அம்மையாரின் திருவுருவைச் சோழர்காலச் சிற்பிகள் செம்பிலும் கல்லிலும் வடித்தனர். தசை அற்ற ஒரு பெண்ணுடலை வழிபாட்டிற்குரியதாக்கிய மரபு தமிழ் மரபு. அழகின் வடிவம் ஒன்றே என்னும் கருத்தை மறுப்பதற்குத் தமிழர் அயலகம் செல்ல வேண்டியதில்லை.

திருமலை: மீண்டும் வளரும் முடி

திருப்பதியில் நாள்தோறும் காணப்படும் உடல்மாற்றம் முடி காணிக்கையாகும். திருமலையின் கல்யாணகட்டாவில் ஆண், பெண், குழந்தை என்னும் வேறுபாடின்றி மக்கள் முடியிறக்குகின்றனர். பெண்ணின் அழகிற்கு இன்றியமையாதது என்று இலக்கியம் போற்றிய கூந்தலை இழந்த பெண்கள், மழித்த தலையோடு திருப்பதித் தெருக்களில் கூச்சமின்றி நடக்கின்றனர். அவர்களை எவரும் உற்று நோக்குவதில்லை. அம்மாற்றத்தின் காரணம் அனைவரும் அறிந்தது. அதனை ஊர் ஏற்றுக்கொண்டுள்ளது. ஓர் உடல்மாற்றம் நாணத்திற்குரியதாவதும் மதிப்பிற்குரியதாவதும் உடலால் அன்று, சமூகம் அதற்குத் தரும் பொருளால் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அம்முடி ஏலத்தில் விற்கப்பட்டு, செயற்கைக் கூந்தலாகி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. 2004ஆம் ஆண்டில் யூத வைதிக மரபின் பெரியோராகிய ரப்பி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், அம்முடி பிறமத வழிபாட்டோடு தொடர்புடையது எனக் கருதி அதனால் செய்த கூந்தலை அணிதல் கூடாதெனத் தீர்ப்பளித்தார். அதனையடுத்து அத்தகைய கூந்தல்கள் பொதுவிடங்களில் எரிக்கப்பட்டன. ஒரே முடி ஓரிடத்தில் காணிக்கை, மற்றோரிடத்தில் அணிகலன், வேறோரிடத்தில் விலக்கு. உடற்பொருள் இடம் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது என்பது இதனால் பெறப்படும்.

வேலூர்: மீட்டெடுத்த முகம்

அழகுக்கான அறுவை அனைத்தும் வீண் பகட்டு என்போர் சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் நிகழ்ந்ததை அறிதல் நலம். 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீர்செய்ய, அந்நோயாளிகளின் உடலிலிருந்தே தசைநாணை இடம் மாற்றும் அறுவையை மேற்கொண்டார். கை இயங்கத் தொடங்கியது. ஆனால், நோய் தீர்ந்து ஊர் திரும்பியவர்களில் பலரை ஊர் ஏற்கவில்லை. உதிர்ந்த புருவமும் அமிழ்ந்த மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே, தலைத்தோலிலிருந்து புருவத்தை அமைத்தலும் மூக்கை நிமிர்த்தலும் அம்மருத்துவத்தின் பகுதிகளாயின.

புருவம் இன்றியும் உயிர் வாழலாம். ஆனால், புருவமின்றி வேலையும் மணமும் உறவும் கிடைக்காத ஊரில், புருவம் உயிரின் தேவையாகிவிடுகிறது. தேவையையும் அழகையும் பிரிக்கும் கோடு உடலில் இல்லை. அது காண்போர் கண்ணில் உள்ளது.

வேலூர் அறுவைகளின் மீட்சிக் காலமும் எண்ணத்தக்கது. இடம் மாற்றிய தசைநாண் உடனே புதிய பணியைச் செய்வதில்லை. முன்பு ஒரு விரலை அசைத்த எண்ணம், இப்போது வேறொரு விரலை அசைக்கப் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவை. உடலை மாற்றுதல் ஒருநாட் செயல். மாறிய உடலில் குடியேறுதல் நெடுநாட் செயல்.

பழிப்பு யாருக்கு உரியது

அழகுசார் அறுவை செய்துகொண்ட பெண்ணைப் பழிக்கும் பலர், உடல் நிலையாமை பேசும் இலக்கியங்களைத் துணைக்கழைக்கின்றனர். அவ்விலக்கியங்கள் யாரை நோக்கிப் பேசின என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில், காயசண்டிகை வடிவம் பூண்ட மணிமேகலை, நரைத்து மூத்த ஒரு பெண்ணைக் காட்டி, அழகெல்லாம் இவ்வாறு மாறும் என அறிவுறுத்துவது உதயகுமரனுக்கு ஆகும். அவன் அவள் அழகைத் துரத்தி வந்தவன். அறிவுரை காணும் கண்ணுக்குக் கூறப்பட்டது. காணப்படும் உடலுக்குக் கூறப்பட்டதன்று. அறிவுரை கூறுபவளோ, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் உருவையே மாற்றிக்கொண்டவள் என்பதும் மறக்கத்தக்கதன்று.

2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாக வழங்க முன்வந்தபோது இவ்வினா பொதுமேடைக்கு வந்தது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைத்தல் கூடாது என்று நலவாழ்வுத்துறை அமைச்சர் கேட்டார். உயிர்காக்கும் மருத்துவத்திற்கே பணம் போதாதபோது இது தேவையா என்று மறுதரப்பினர் கேட்டனர். இரு கேள்விகளிலும் நேர்மை உண்டு. எனினும், செல்வர் செய்துகொள்ளும்போது எழாத அறவினா ஏழை செய்துகொள்ளும்போது மட்டும் எழுமாயின், அவ்வினா அறத்திலிருந்து பிறந்ததா என்பது ஐயத்திற்குரியது.

அழகில்லை என்று ஒரு பெண்ணை ஒதுக்கும் சமூகமே, அழகைத் தேடிச் சென்றாள் என்றும் அவளை எள்ளுகிறது. அதனால் அவள் தன் மீட்சிக் காலத்தை மறைவில் கழிக்கிறாள். வீக்கம் இயல்பானதா, காய்ச்சல் ஆபத்தானதா, மூச்சுத் திணறுவது எதனால் என்று கேட்கத் துணியாமல் காலந்தாழ்த்துகிறாள். பழிப்பினால் விளையும் நாணம் இவ்வாறு உயிருக்கே இடராக முடிகிறது. ஆதலின், அறத்தின் பெயரால் செய்யப்படும் இப்பழிப்பு அறமாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தன் தசையைத் தன்னுடலில் இடம் மாற்றிக்கொள்ளுதல் இயல்பாகவே அறமுமன்று, மறமுமன்று. அதன் அறத்தன்மை மூன்று வினாக்களுக்கான விடையில் அமைகிறது. இத்தசை யாருக்காகச் சுமக்கப்படுகிறது என்பது திருவாலங்காடு எழுப்பும் வினா. எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பது திருக்காளத்தி எழுப்பும் வினா. மாறிய உடலோடு வந்தவரை ஊர் எவ்வாறு ஏற்கிறது என்பது திருமலையும் வேலூரும் எழுப்பும் வினா. முதல் வினாவிற்கு விடையிறுக்க வேண்டியவர் அறுவை செய்துகொள்பவர், இரண்டாவதற்கு மருத்துவர், மூன்றாவதற்குச் சுற்றியிருப்போர் அனைவரும்.

மீட்சிக் காலம் இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே முன்வைக்கிறது. விரும்பியவாறு உடல் அமையாத அந்த மாதங்களில், உடல் தன் உடைமை என்று எண்ணியிருந்தவர், அது தன்னோடு சேர்ந்து வாழும் ஒரு துணை என்பதை அறிகிறார். பெயர்த்து வைத்த கொழுப்பு, அண்டைத் திசு குருதி தந்தாலன்றி வாழ்வதில்லை. உருமாறிய மனிதரும், அண்டை வீட்டார் ஆதரவு தந்தாலன்றி வாழ்வதரிது.